செய்தியில் 'கவிஞர்': தொழிலைக் குறிக்கும் சொல்லா, பட்டமா?

கேள்வி:
நான் ஓர் இதழில் மெய்ப்புத் திருத்துகிறேன். சென்ற வாரம் ஒரு நூல் வெளியீட்டுச் செய்தி என் மேசைக்கு வந்தது. பேசிய நால்வருமே கவிதைத் தொகுப்பு வெளியிட்டவர்கள். ஆனால் மூவர் பெயருக்கு முன் 'கவிஞர்' என்றும், ஒரு பெண்ணின் பெயருக்கு முன் மட்டும் 'கவிதாயினி' என்றும் இருந்தது. நான் அதை அடித்துவிட்டுக் 'கவிஞர்' என்று எழுதினேன். செய்தியாளரோ, பெண் என்று வாசகருக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டு, மீண்டும் பழையபடியே மாற்றிவிட்டார். யார் செய்தது சரி? மேலும், 'கவியரசு', 'கவிப்பேரரசு' போன்ற அடைமொழிகளைச் செய்தி நடையில் அப்படியே போடலாமா?

மறுமொழி 1:
உங்கள் திருத்தமே சரி. கவிஞன் என்பதுதான் ஆண்பால். 'கவிஞர்' மரியாதைப் பன்மையாதலால் இருபாலருக்கும் பொதுவாக நிற்கும். அறிஞர், கலைஞர் என்பவற்றையும் நாம் அப்படித்தான் ஆள்கிறோம்; பெண் அறிஞருக்கென்று தனிச் சொல் தேடி எந்தச் செய்தியாளரும் அலைவதில்லை. ஔவையாரையும் வெள்ளிவீதியாரையும் கபிலருக்கும் பரணருக்கும் வழங்கும் அதே 'புலவர்' என்ற சொல்லால்தான் இன்றும் குறிப்பிடுகிறோம். தெலுங்கிலும் மலையாளத்திலும் 'கவயித்ரி' என்ற வடசொல் பெண்பாலாக வழங்குகிறது. நாம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 'ஆசிரியை', 'நடிகை' இருக்கின்றனவே என்று உங்கள் செய்தியாளர் கேட்கலாம். அவை நெடுங்காலப் பழக்கத்தால் ஊன்றிவிட்டவை. 'கவிதாயினி' அந்த அளவுக்கு ஊன்றவில்லை, ஊன்ற வேண்டிய தேவையும் இல்லை.

மறுமொழி 2:
நான் கவிதை எழுதுகிறவள் என்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கருத்தரங்கச் செய்தியில் ஆண்கள் மூவரின் கவிதை வரிகளை எடுத்துக் காட்டியவர்கள், என்னைக் 'கவிதாயினி' என்று அழைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் பேசிய பொருள்கூட அச்சேறவில்லை. அந்தச் சொல் கேட்க இனிமையாக இருந்தாலும், செய்தியில் அது என்னைக் கவிஞர் வரிசையிலிருந்து விலக்கித் தனியே உட்கார வைத்துவிடுகிறது. தம்மை விரும்பியே அப்படி அழைத்துக்கொள்ளும் தோழிகளும் எனக்கு உண்டு. அவர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் விருப்பப்படியே எழுதுங்கள். கேட்காதவர் மீது சூட்ட வேண்டாம்.

மறுமொழி 3:
அடைமொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் இதழ்கள் மிகுதியாகத் தடுமாறுகின்றன. 'நாமக்கல் கவிஞர்' என்பது வெ. இராமலிங்கம் பிள்ளைக்குப் பெயராகவே ஆகிவிட்டது. அதை நீக்கினால் பலருக்கு ஆளே புரியாது. அவர் 1949-இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆனார் என்று எழுதும்போது அது பாராட்டு அன்று, பதவி. ஆனால் 'கவியரசு', 'கவிப்பேரரசு' ஆகியவை மதிப்பீடுகள். மேடையில் பேசுபவர் சொன்னதாக மேற்கோளுக்குள் வரலாம். செய்தியாளரின் சொந்த வாக்கியத்தில் வந்தால் இதழே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். பாரதியை 'மகாகவி' எனலாமா என்று 1930களில் எழுத்தாளர்களான வ.ரா.வும் கல்கியும் இதழ்களிலேயே வாதிட்டார்கள். அந்தச் சொல்லைச் சூட்டுவதற்கு முன் அத்தனை பக்கங்கள் எழுதினார்கள் என்பதை நினைக்கும்போது, இன்று ஒரே பத்தியில் மூன்று பட்டங்களை அடுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

'புலவர்' என்பதிலும் கவனம் வேண்டும். புலவர் பட்டப்படிப்பில் தேறிய தமிழாசிரியர்கள் அதைப் பெயருக்கு முன் போடுவது வழக்கம். அவர்களில் ஒரு செய்யுள்கூட எழுதாதவர்கள் உண்டு. அதைப் பார்த்துச் செய்தியாளர் 'கவிஞர்' என்று மாற்றினால் செய்தி பிழையாகிவிடும். திரைப்படத்துக்கு மட்டும் எழுதுபவருக்குப் 'பாடலாசிரியர்' என்ற சொல் துல்லியமாகவே இருக்கிறது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அடுத்த இதழுக்கான இரங்கற்குறிப்பு ஒன்று இப்போது கையில் இருக்கிறது. அதில் 'கவிச்சுடர்' என்ற அடைமொழி தலைப்பிலும் முதல் வரியிலும் உள்ளது. இரண்டையும் எடுத்துவிட்டு, 'கவிஞர்' என்று ஒரு முறை மட்டும் எழுதி, அவர் வெளியிட்ட தொகுப்புகளின் பெயர்களை அடுத்த வரியில் சேர்த்திருக்கிறேன். பட்டத்தை வழங்கிய அமைப்பு எது, எந்த ஆண்டில் வழங்கியது என்று குடும்பத்தாரிடம் கேட்டுக் கடைசிப் பத்தியில் குறிப்பிடப் போகிறேன்.