இன்டெல் எச்டி 3000 லேப்டாப்பில் ஆர்கேட் திறக்க மறுக்கிறது

களிமண் கேட்டது:

வணக்கம். பைதானில் 2டி கேம் சொல்லிக்கொடுக்க ஆர்கேட் லைப்ரரியை எடுக்கலாம் என்று யோசனை. கையில் இருக்கும் லேப்டாப் எல்லாமே ஐ3-2310எம், 4 ஜிபி ராம், இன்டெல் எச்டி 3000 கிராஃபிக்ஸ் சிப், விண்டோஸ் 10 64 பிட். டிரைவர் விண்டோஸ் அப்டேட் தானாகப் போட்ட 9.17.10.4459. விண்டோ வருவதற்கு முன்பே "மிஸ்ஸிங் ஃபங்ஷன் எக்ஸெப்ஷன்" என்று நின்றுவிடுகிறது.

புரியாதது இதுதான்: ஓப்பன்ஜிஎல் (கிராஃபிக்ஸ் சிப்பை வரையச் சொல்லும் இடைமுகம்) பதிப்பு, ஓப்பன்ஜிஎல் எக்ஸ்டென்ஷன்ஸ் வியூவரில் 3.1 என்று காட்டுகிறது. அதே மெஷினில் ஆர்கேடுக்கு அடியில் ஓடும் பிக்லெட் லைப்ரரியின் 1.5 பதிப்பைப் போட்டு பைதான் வழியாகக் கேட்டால் 1.1, ரெண்டரர் (படத்தை வரையும் பகுதி) "ஜிடிஐ ஜெனரிக்" என்கிறது. எதை நம்புவது? பிக்லெட்டை 1.5-லேயே நிறுத்தி வைத்தால் ஆர்கேட் ஓடுமா?

முக்கோணம்:

கடைசிக் கேள்விக்கு முதலில்: ஓடாது. ஆர்கேடுக்கே ஓப்பன்ஜிஎல் 3.3 வேண்டும். ஸ்ப்ரைட் (கேமில் நகரும் படம்) லிஸ்டை வரைய அது ஜியாமெட்ரி ஷேடரை (வடிவங்களை உருவாக்கும் சிறு கிராஃபிக்ஸ் புரோகிராம்) பயன்படுத்துகிறது; 3.2-க்குக் கீழே அது கோர் வசதியாகக் கிடையாது. அடியில் இருக்கும் பிக்லெட்டின் பதிப்பைக் குறைத்தால் பிப் (பைதான் லைப்ரரிகளை நிறுவும் கருவி) சண்டை போடும், அவ்வளவுதான் லாபம்.

இரண்டு எண்களும் சரியானவைதான். எச்டி 3000-க்கு இன்டெல் விண்டோஸில் 3.1-க்கு மேல் தரவே இல்லை. உங்களிடம் இருப்பது விண்டோஸ் 8 காலத்து டிரைவர். ஒரு புரோகிராம் தன் மேனிஃபெஸ்டில் (அதனோடு வரும் விவரக் குறிப்பு) "விண்டோஸ் 10-ஐ அறிவேன்" என்று சொல்லியிருந்தால், அதற்கு விண்டோஸ் உண்மையான பதிப்பு எண்ணைச் சொல்லும். அதைப் பார்த்ததும் இந்த டிரைவரின் ஓப்பன்ஜிஎல் பகுதி ஒதுங்கிக்கொள்கிறது. மிஞ்சுவது மைக்ரோசாஃப்ட் கூடவே தரும் 1.1 சாஃப்ட்வேர் ரெண்டரர். அதன் பெயர்தான் ஜிடிஐ ஜெனரிக். பைதான் 3-இன் மேனிஃபெஸ்டில் விண்டோஸ் 10 இருக்கிறது, அதனால் உங்களுக்கு 1.1. மைன்கிராஃப்ட் ஆடுபவர்கள் இதே சிப்புக்காக ஜாவா 8 அப்டேட் 51-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததும் இதனால்தான். அப்டேட் 60-இல் ஜாவாவின் மேனிஃபெஸ்ட் மாறிவிட்டது. இந்தத் தடையைத் தாண்டினாலும் கிடைக்கப்போவது 3.1. ஆர்கேடுக்கு அது போதாது.

பாவம், சிப் மேல் குற்றமில்லை. இதே எச்டி 3000-க்கு 2011 மேக்புக் ப்ரோவில் ஆப்பிள் 3.3 தருகிறது, லினக்ஸில் மெசா என்ற திறந்த மூல கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பும் 3.3 தருகிறது. லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ-ஐ பென்டிரைவிலிருந்து லைவாக பூட் செய்து, மெசா யூட்டில்ஸ் போட்டு ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை "-B" (பெரிய எழுத்து) ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அதில் "கோர் ப்ரொஃபைல் வெர்ஷன்" என்ற வரியை மட்டும் பாருங்கள். வெறும் "வெர்ஷன் ஸ்ட்ரிங்" பழைய கட்டளைகளையும் ஏற்கும் காம்பேட்டிபிலிட்டி ப்ரொஃபைலின் எண். அது குறைவாக இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய.

களிமண்:

நன்றி, இப்போது விளங்குகிறது. ஆனால் சில மெஷின்களில் விண்டோஸை விட முடியாது, வேறு சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வழி உண்டா?

அடிக்கோடு:

உண்டு, வேகத்தை விட்டுக்கொடுத்தால். விண்டோஸுக்கான மெசா டிஸ்ட் வின் தொகுப்பை இறக்குங்கள். அதிலுள்ள எல்எல்விஎம்பைப் முழு வேலையையும் சிபியூவிலேயே செய்து ஓப்பன்ஜிஎல் 4.5 வரை தரும். 64 பிட் ஃபோல்டரிலிருந்து "ஓப்பன்ஜிஎல்32", "லிப்காலியம் டபிள்யூஜிஎல்" ஆகிய இரண்டு டிஎல்எல்களையும் பைதான் இஎக்ஸ்இ இருக்கும் இடத்தில் போடுங்கள். முதலாவதை மட்டும் போட்டால் லோட் ஆகாது. சிஸ்டம்32-க்குள் மட்டும் கொண்டுபோய்ப் போடவேண்டாம், மற்ற எல்லா புரோகிராமும் அதில் மாட்டிக்கொள்ளும்.

பலர் சறுக்கும் இடம் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு புராஜெக்டுக்கென்று தனியாக வைக்கும் பைதான் ஃபோல்டர்). பைதான் 3.7.2-லிருந்து விண்டோஸில் அதன் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பைதான் இஎக்ஸ்இ வெறும் கைகாட்டி. அசல் பைதானைத்தான் அது கிளப்புகிறது. டிஎல்எல்லை ஸ்கிரிப்ட்ஸில் போட்டால் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அசல் பைதான் நிறுவிய ஃபோல்டரில் போடவேண்டும். ரெண்டரர் பெயரில் எல்எல்விஎம்பைப் என்று வந்தால் சரி.

இரண்டு கோர் ஐ3 என்பதால் பிக்சல்தான் செலவு. 1280×720 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 9,21,600 பிக்சல். 640×360 ஆக்கினால் 2,30,400, கால்வாசி. ஆர்கேட் விண்டோ இயல்பாகவே ஆன்டிஅலையாஸிங்கை (ஓரங்களை வழவழப்பாக்குவது) 4 சாம்பிளோடு திறக்கிறது, அதையும் "ஃபால்ஸ்" கொடுத்து அணைத்துவிடுங்கள்.

மெசாவில் பதிப்பு எண்ணை 3.3 என்று பொய் சொல்லவைக்கும் ஓவர்ரைடு (override) வேரியபிள் ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. இல்லாத வசதியை அது உண்டாக்காது. ஜிஎம்45 மாதிரி ஓப்பன்ஜிஎல் 2.1 மட்டுமே தரும் பழைய இன்டெல் சிப்பில் அதைப் போட்டால் விண்டோ திறப்பதற்குப் பதிலாக ஷேடர் கம்பைலில் விழும், பிழைச்செய்தியும் இன்னும் குழப்பமாக இருக்கும்.

தறி:

ஆர்கேட்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் பைகேம் 2 போதும். எஸ்டிஎல்2 என்ற லைப்ரரி மேல் ஓடுகிறது. சாதாரண சர்ஃபேஸில் படம் ஒட்டுவதற்கு ஓப்பன்ஜிஎல் தேவையே இல்லை. படத்தை லோட் செய்ததும் "கன்வெர்ட்" அல்லது "கன்வெர்ட் ஆல்ஃபா" கூப்பிடச் சொல்லுங்கள். அதை விட்டால் ஒவ்வொரு பிளிட்டிலும் (படம் ஒட்டும் ஒவ்வொரு முறையும்) பிக்சல் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், பழைய மெஷினில் அது கண்ணுக்குத் தெரியும்.

பிக்லெட் 1.5 என்றால் ஒரு எச்சரிக்கை: 2.0-க்கான பாடங்கள் அதில் அப்படியே ஓடாது. 1.5-இல் "பேட்ச் ஆட்" என்று இருந்தது 2.0-இல் ஷேடர் புரோகிராமின் "வெர்டெக்ஸ் லிஸ்ட்" ஆகிவிட்டது. ஸ்ப்ரைட், லேபிள் வரைக்கும் நின்றால் பெரிய வித்தியாசம் தெரியாது.