யூரியா போட்டும் பச்சை ஏறாத வயல்

பெரியப்பா: மண் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, போட்டோ போட்டிருக்கிறேன். பி.எச். (மண்ணின் கார அளவு) 9.1, அங்ககக் கரிமம் (மட்குச் சத்து) 0.38 சதவீதம். நெல் நட்டு மூன்று வாரம் ஆகிறது. அடி இலையெல்லாம் துரு ஏறின மாதிரி இருக்கிறது. இன்னொரு மூட்டை யூரியா போடட்டுமா?

அண்ணன்: வேண்டாம் பெரியப்பா. அந்தத் துரு துத்தநாகப் பற்றாக்குறை. பி.எச். 8.5-ஐத் தாண்டிவிட்டதால் இது களர் மண், அதாவது சோடியம் ஏறிய மண். சத்து இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. யூரியாவில் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

அத்தை: அப்பா இருந்தபோது நன்றாக விளைந்த வயல்தானே அண்ணா அது?

பெரியப்பா: அப்போது கட்டளை மேட்டு வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தது. இப்போது முக்கால்வாசி போர் தண்ணீர்தான், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து.

அண்ணன்: அதுதான் காரணமாக இருக்கும். போர் தண்ணீரில் சோடியம் பைகார்பனேட் இருந்தால் வருஷா வருஷம் சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். நனைந்தால் கொழகொழ, காய்ந்தால் பாறை. வேருக்குக் காற்றே போகாது.

தங்கச்சி: கடைக்காரர் ஜிப்சம் போட்டால் போதும் என்றாரே?

அண்ணன்: ஜிப்சம் மட்டும் போதாது. அதிலிருக்கும் கால்சியம் சோடியத்தைக் களிமண்ணிலிருந்து பெயர்த்துவிடும், சரி. பெயர்ந்தது வயலைவிட்டு வெளியே போக வேண்டாமா? அறுவடை முடிந்ததும் முதலில் வடிகால் வெட்டுங்கள். வரப்பை உயர்த்தி, ஜிப்சம் தூவி, மேலாக உழுது, வாய்க்கால் தண்ணீரைத் தேக்கி வடித்துவிட வேண்டும். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். போர் தண்ணீரைத் தேக்கினால் மறுபடி அதே சோடியம்தான். எவ்வளவு ஜிப்சம் என்பதை ஆய்வகத்தில் கேட்டுத்தான் போட வேண்டும்.

அத்தை: ஆட்டுக்கிடை போடலாமே?

அண்ணன்: தாராளமாக அத்தை, கரிமம் 0.5-க்கும் கீழே கிடக்கிறது. அதோடு பசுந்தாள் உரத்துக்கு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள், களரிலும் வளரும். 45 நாளில் மடக்கி உழுதுவிடலாம். அப்புறம் திருச்சி 3 ரக நெல் நடலாம், களரைத் தாங்கும்.

பெரியப்பா: நிற்கிற பயிருக்கு என்னப்பா செய்வது?

அண்ணன்: 10 லிட்டர் டேங்குக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம். சாயங்காலமாகத் தெளியுங்கள். டி.ஏ.பி. உரத்தோடு கலக்காதீர்கள்.

பெரியப்பா: சரி, இன்றைக்கே அடித்துவிடுகிறேன்.

அண்ணன்: போர் தண்ணீரையும் பரிசோதிக்கணும். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடின பிறகு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவிப் பிடியுங்கள்.

தங்கச்சி: நாளைக்குக் காலையில் அதை எடுத்துக்கொண்டு திருச்சி நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரிக்கே போகலாம் பெரியப்பா, நானும் வருகிறேன்.