காற்றுப்பட்ட 6-4 டைட்டானியம்: ஆல்ஃபா கேஸ் அனுபவங்கள்

ஆய்வக மேசை
வெப்பப் பதப்படுத்தலில் காற்று பட்ட 6-4 கலவை (6% அலுமினியம், 4% வனேடியம், மீதி டைட்டானியம்) இழுவிசைச் சோதனையில் நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். யீல்டும் (நிரந்தரமாக நீளத் தொடங்கும் வலிமை) உச்ச வலிமையும் கிட்டத்தட்ட மாறாது. அடிவாங்குவது நீட்சிதான், அதாவது முறியுமுன் துண்டு எவ்வளவு நீளும் என்பது. முறிந்த துண்டின் பக்கவாட்டை 20 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள்: கேஜ் பகுதி (நீட்சியை அளக்கும் நடுப்பகுதி) நெடுக, இழுத்த திசைக்குக் குறுக்கே சன்னமான விரிசல்கள் வரிசையாக வாய் திறந்திருக்கும். முறிவுப் பரப்பின் ஓரத்தில் தட்டையாக மினுங்கும் ஒரு மெல்லிய பட்டை, அதற்கு உள்ளே மங்கலான சாம்பல் நிறம். அந்தப் பட்டைதான் ஆல்ஃபா கேஸ், ஆக்சிஜன் ஊறிக் கெட்டியாகி நொறுங்கும் தோல்.

இதில் ஒரு பொறி உண்டு. சோதனைத் துண்டைப் பதப்படுத்தி முடித்த பிறகு கடைந்தால் கேஸ் சீவலோடு போய்விடும். ரிப்போர்ட் சுத்தமாக வரும், ஆனால் கடையாத பரப்போடு போகும் பாகம் ஃபெட்டீக்கில் (சுமை மாறி மாறி விழுவதால் வரும் களைப்பில்) சீக்கிரமே விரிசல் விடும். பாகத்தின் பரப்பு எப்படியோ சோதனைத் துண்டின் பரப்பும் அப்படியே இருக்க வேண்டும். மெல்லிய தகட்டில் பாதிப்பு இன்னும் மோசம். இருபுறமும் 50 மைக்ரான் கேஸ் என்றால் 1 மி.மீ. தகட்டின் குறுக்குவெட்டில் 10% போய்விடுகிறது. 10 மி.மீ. விட்டமுள்ள கம்பியில் அது ஏறத்தாழ 2%தான்.

உலைப் பக்கம்
மேலே இருக்கும் ஆக்சைடு செதிலைவிட அதன் அடியில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் ஆபத்து. ஆல்ஃபா டைட்டானியம் (டைட்டானியத்தின் ஒரு படிக வடிவம்) மூன்றில் ஒரு பங்கு அணுக்கள் வரை ஆக்சிஜனை உள்வாங்கும். அந்த அணுக்கள் படிகத்தின் இடைவெளிகளில் அமர்ந்து, அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதைத் தடுப்பதால் பரப்பு கெட்டியாகிறது, கூடவே நொறுங்கும் தன்மையும் வருகிறது.

நேரத்தைவிட வெப்பநிலைக்குத்தான் பயப்பட வேண்டும். நேரத்தை நான்கு மடங்காக்கினால் ஆழம் இரண்டு மடங்குதான் ஆகும். 700 டிகிரி செல்சியஸிலிருந்து 800க்குப் போனாலோ அதே நேரத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு.

நிறத்தை நம்பாதீர்கள். மஞ்சளும் நீலமும் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தின் நிறங்கள், கேஸ் ஆழத்தை அவை சொல்லாது. முன்பே ஆக்சைடு ஏறிய பாகத்தை வெற்றிட உலையில் சூடாக்கினால் படலம் உலோகத்துக்குள்ளேயே கரைந்து, பாகம் பளபளவென்று வெளியே வரும். ஆக்சிஜன் முழுதும் உள்ளேதான் இருக்கும்! ஆர்கான் ஓட்டினால் பனிநிலையை (வாயுவில் உள்ள ஈரம் பனியாகத் தொடங்கும் வெப்பநிலை) உலையிலிருந்து வெளியேறும் வாயுவிலும் அளந்து பாருங்கள். சிலிண்டர் வாயு சுத்தமாக இருந்தும் கதவு சீல் கசிந்தால் பயனில்லை. பாகங்களைச் சுற்றி டைட்டானியம் சீவல்களை வைத்தால், மிச்சமிருக்கும் ஆக்சிஜனில் ஒரு பகுதியை அவை முதலில் பிடித்துக்கொள்ளும்.

ஆய்வக மேசை
நிறத்தை நம்பக் கூடாது என்று உலைப் பக்கத்து சார் சொன்னது சரி. ஆழத்தைக் கடினத்தன்மையில்தான் பிடிக்க வேண்டும். 6-4இன் உட்பகுதி சுமார் 350 விக்கர்ஸ் (வைர முனையால் குத்தி, பதியும் தடத்தை வைத்துச் சொல்லும் கடினத்தன்மை அளவு). 50 கிராம் சுமையில் அங்கே தடத்தின் மூலைவிட்டமே 16 மைக்ரான் வரும், விளிம்பிலிருந்து அதைப்போல் இரண்டரை மடங்கு தள்ளிக் குத்தினால் மெல்லிய கேஸின் பெரும்பகுதி விட்டுப்போகும். அதனால் 25 கிராம் அல்லது அதற்கும் குறைந்த சுமை, தடங்கள் சாய்வு வரிசையில். வெட்டிய துண்டைப் பிசினில் பதித்து மவுண்ட் செய்யுமுன் நிக்கல் பூச்சு கொடுத்தால் பாலிஷில் விளிம்பு மழுங்காது. கிரால் கரைசலுக்குப் (டைட்டானியத்துக்கான அமிலக் கலவை) பின் அம்மோனியம் பைஃபுளோரைடில் எட்ச் செய்தால் (பரப்பை லேசாக அரித்தால்) கேஸ் வெள்ளையாகத் தனித்துத் தெரியும். ஆனால் ஆக்சிஜன் அந்த வெள்ளைக் கோட்டையும் தாண்டிப் போயிருக்கும், நீக்கும் அளவை எட்ச் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பிக்ளிங் தொட்டி
பிக்ளிங் என்றால் கேஸை அமிலத்தில் கரைத்து நீக்குவது. நீக்கும்போது முதலில் செதில், பிறகுதான் அமிலம். செதில் ஒட்டியிருக்கும் இடத்தில் அமிலம் சமமாகத் தின்னாமல் பரப்பைக் குழிகுழியாக்கிவிடும். நைட்ரிக், ஹைட்ரோபுளோரிக் விகிதம் 10:1 அளவில் இருக்கட்டும். நைட்ரிக் குறைந்தால் உலோகம் ஹைட்ரஜனை உறிஞ்சும், ஒரு நொறுங்கலைப் போக்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்வோம். 6-4க்கு ஹைட்ரஜன் உச்சவரம்பு பொதுவாக 0.015%, பிக்ளிங் முடிந்ததும் அளந்துவிடுங்கள். தொட்டி அருகில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் (ஹைட்ரோபுளோரிக் தோலில் பட்டால் முதலுதவி) இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

இயந்திரத்தில் எடுப்பதானால் முதல் வெட்டிலேயே கேஸுக்குக் கீழே இறங்குங்கள். மேலோட்டமாகச் சீவினால் கருவியின் முனை அந்தக் கெட்டித் தோலிலேயே உரசித் தேய்ந்துவிடும்.