கரண்ட் பில் 540 யூனிட், மாதக் கடைசியில் கையில் காசில்லை. எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் வாடகை வீடு, தனி மீட்டர். நான், கணவர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். வாடகையும் ஃபீஸும் போக வீட்டுச் செலவுக்கு நிற்பது 14,000 ரூபாய்தான். இந்த முறை இரண்டு மாதக் கணக்கில் 540 யூனிட் வந்திருக்கிறது. ஏசி கிடையாது. மளிகையில் நொறுக்குத்தீனியை எல்லாம் ஏற்கெனவே குறைத்தாயிற்று. பிள்ளைகள் சாப்பாட்டில் கைவைக்க மனசு வரவில்லை. வேறு எதில் மிச்சம் பிடிக்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஒயர்மேன்:
அக்கா, 20 வருஷமாக வீட்டு ஒயரிங் வேலை பார்க்கிறேன். முதலில் 500க்குள் வரப் பாருங்கள். 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 யூனிட் வரைக்கும் கிடைக்கும் சலுகையும் போய்விடும். அதனால் அந்தக் கடைசி 40 யூனிட்டில்தான் உங்கள் பணம் நிற்கிறது.

ஏசி இல்லாத வீட்டில் இவ்வளவு ஓடினால் எனக்கு முதல் சந்தேகம் தண்ணீர் மோட்டார் மேல்தான். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை போடுகிறீர்கள்? ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, கக்கூஸ் ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு நீலம் விட்டுவிடுங்கள். காலையில் யாரும் ஃப்ளஷ் செய்யும் முன்னால் போய்ப் பாருங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. சத்தமே இல்லாமல் மேல்தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது ரக பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமாருக்கு ஓடும். தினம் 15 மணி நேரம் சுற்றினால் ஒரு ஃபேனிலேயே இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் குறையும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்புறம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது.

பங்குனிவெயில்:
தங்கச்சி, நான் பிடிக்கிற மிச்சம் புளியில். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது விலை இறங்கும். கொட்டை எடுத்ததாக ஒரு வருஷத்துக்கு ஆறு கிலோ வாங்கிவிடுவேன். மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை விரித்து இரண்டு நாள் வெயில், நடுவில் ஒரு தடவை புரட்டிவிடுவேன். கையில் எடுத்தால் பிசுபிசுப்பு அடங்கி, மடக்கினால் மடங்க வேண்டும், ஒடியக் கூடாது. அந்தப் பதத்தில் எடுத்து, ஈரமில்லாத ஜாடியில் ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல்லுப்பு என்று அமுக்கி வைத்தால் அடுத்த பங்குனி வரை பூச்சி அண்டாது. மிளகாய் வற்றலையும் அப்படித்தான் வாங்குகிறேன். கால் கிலோ கால் கிலோவாகக் கடையில் வாங்குவதுதான் நம்மைக் கரைக்கிறது.

கேஸுக்கு, பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடு. போதும்.

மஞ்சப்பை:
அண்ணா நகர் பக்கம் என்றால் காய்க்கு உழவர் சந்தைக்குப் போங்கள். 1999இல் முதன்முதலில் தொடங்கியதே அங்கேதான். அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள், பேரம் பேசும் அலுப்பு இல்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசும் கிடையாது. ரேஷனில் 30 ரூபாய்த் துவரம் பருப்பையும் 25 ரூபாய் பாமாயிலையும் விடாமல் வாங்குகிறீர்கள்தானே?

வைகைக்கரை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரேஷன் விடுவதில்லை அக்கா. தம்பி சொன்ன மாதிரி நீலம் விட்டேன். காலையில் பார்த்தால் கோப்பை முழுக்க நீலம்! ஒரு நாளைக்கு இரண்டு முறை மோட்டார் போடுவது ஐந்து பேர் புழங்குவதால்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிளம்பர் வந்து வாஷர் மாற்றினார். இப்போது ஒரு முறைதான் போடுகிறேன். மாமியார் அறையில் பகலிலும் ஃபேன் ஓடும், அதை மட்டும் மாற்றினோம்.

500க்குள் வர வாரத்துக்கு 58 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்குப் போட்டு, ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து நாள்காட்டியில் குறிக்கிறேன். முன்பு சராசரி 63. போன ஞாயிறு 57, இந்த ஞாயிறு 53. பங்குனிவெயில் அக்கா, ஆறு கிலோவுக்கு எத்தனை படி கல்லுப்பு வாங்கட்டும்?