சயனோடைப் அளவைப் பொதுவில் போட்டால் என்ன குறைந்துபோகும்?

நிலாவெளியான்
திருகோணமலையில் பழைய முறையில் படம் அச்சடிப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களில் மூத்தவர் ஒருவரிடம், நீல நிறத்தில் படம் அச்சடிக்கும் சயனோடைப் முறையின் கரைசலுக்கு அளவு கேட்டேன். "தேடிப் படியுங்கோ" என்று அனுப்பிவிட்டார். சரி, படித்ததை இங்கேயே போடுகிறேன். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மில்லிலீற்றர் தண்ணீரில். பொட்டாசியம் ஃபெரிசயனைட் 10 கிராம், வேறு 100 மில்லிலீற்றரில். இரண்டையும் சம அளவு கலந்து கடதாசியில் பூசி, இருட்டில் காயவிட்டு, நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டி அலச வேண்டும். ஜோன் ஹேர்ஷல் 1842இல் வெளியிட்ட முறை இது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

இருட்டறை
தம்பி, நீங்கள் கேட்ட ஆள் நான்தான். அளவை ஒளிக்கவில்லை, அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதை மட்டும் வைத்துப் படம் வராது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அலச அலச நீலம் ஏன் வெளிறுகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாரிகாலம் முழுக்கப் போனது. அதைக் கேட்டுக்கொண்டு போன ஒருவர் காசுக்கு வகுப்பு நடத்தினார், என் பெயரை ஒரு இடத்திலும் சொல்லவில்லை. கண்ணாடித் தட்டில் பூசி ஈரம் காய்வதற்குள் படம் எடுக்கும் ஈரக் கொலோடியன் முறையை 1851இல் காப்புரிமை எடுக்காமல் வெளியிட்ட ஸ்கொட் ஆர்ச்சர், 1857இல் வறுமையில்தான் செத்தார். கொடுத்தவருக்குக் கிடைத்தது அதுதான்.

நிலாவெளியான்
அண்ணன், பெயர் சொல்லாமல் விட்டது அநியாயம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் பூட்டி வைத்தவரையும் பாருங்கள். இங்கிலாந்தில் டல்போட், கடதாசி நெகட்டிவில் படம் எடுக்கும் தன் கலோடைப் முறைக்கு 1841இல் காப்புரிமை எடுத்தார். அந்த உரிமை செல்லாத ஸ்கொட்லாந்தில்தான் ஹில்லும் அடம்சனும் அந்த முறையில் அவ்வளவு அருமையான படங்களை எடுத்தார்கள். கொலோடியனும் தன்னுடையதே என்று டல்போட் வழக்குப் போட்டு 1854இல் தோற்றார். ஆர்ச்சர் கொடுத்தது ஊரெங்கும் பரவியது.

வாடைக்காற்று
நான் இரசாயனம் படிப்பிக்கிறேன். அந்த நீலம் காரத்தில் சிதையும், கிணற்றுத் தண்ணீர் காரமாக இருந்தால் வெளிறத்தான் செய்யும். முதல் அலசலில் கொஞ்சம் வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு விட்டால் போதும். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அண்ணன் ஒரு மாரியைத் தொலைத்திருக்க வேண்டியதில்லை, யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால்.

ஆனால் கொலோடியன் வேறு கதை. அதில் உள்ள ஈதரின் ஆவி எங்கோ இருக்கும் நெருப்பையும் பிடிக்கும், சில்வர் நைட்ரேட் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். பழைய ஆட்கள் பொட்டாசியம் சயனைட்டில் படத்தை நிலைநிறுத்தினார்கள். அதில் அமிலம் பட்டால் உயிர்க்கொல்லி வாயு வரும்.

இருட்டறை
அதைத்தான் நானும் சொல்கிறேன். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்ட வேண்டிய வேலை அது. இந்த வெக்கையில் தட்டு காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். அந்த அவசரத்தில் ஒரு பதிவைப் படித்த பையன் போத்தலை மாற்றி எடுத்தால் யார் பொறுப்பு?

நிலாவெளியான்
மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் எத்தனை பேர் உங்கள் பக்கத்தில் வந்து நிற்க முடியும்? அவர்கள் எங்கேயாவது அரைகுறையாகப் படித்துவிட்டுச் செய்யத்தான் போகிறார்கள். சயனைட் வேண்டாம், ஹைப்போவிலும் (சோடியம் தயோசல்பேற்) நிலைநிறுத்தலாம் என்பதையாவது தெரிந்தவர்கள் எழுத வேண்டாமா?

இருட்டறை
ஹைப்போ சரிதான். சயனோடைப்புக்கு நம் ஊர்த் தண்ணீர், வெயில், கடதாசி எல்லாம் சேர்த்து எழுதித் தருகிறேன், என் பெயரோடு இருக்க வேண்டும். கொலோடியனை நேரில் வருபவருக்கு மட்டும்தான் காட்டுவேன்.

நிலாவெளியான்
உங்கள் பெயர் மேலேயே இருக்கும், அண்ணன். கொலோடியன் விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.