ஜுராசிக் பார்க்: முதல் தடவை பார்த்தபோது உங்களை விடாமல் பிடித்துக்கொண்ட இடம் எது?

கூட்ஸ்வண்டி:
எனக்குத் தண்ணீர் டம்ளர். எந்தக் காட்சி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1993இல் வந்த டைனோசர் படம், எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது நான் நாலாம் வகுப்பு. மாமா கூட்டிக்கொண்டு போனார். இங்கிலீஷ் வசனம் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை, அவருக்கும் முக்கால்வாசி புரியவில்லை. பின்வரிசையில் ஒருவர் தன் பிள்ளைகளுக்குச் சத்தமாகக் கதை சொல்லிக்கொண்டே வந்தார். கார் நின்றுவிட்டது, மழை, டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்கிறது. பின்வரிசைக்காரர் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டார். திரையில் இன்னும் ஒன்றுமே வரவில்லை! மாமா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். ராத்திரி ரோந்து போகிற ரயில்வே போலீஸ் அவர். அவருக்கும் பயம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தியேட்டரில் பார்க்காதவர்களுக்கு இந்த இடம் முழுசாகக் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். உங்களுக்கு எது?

கிணற்றடி:
யாழ்ப்பாணம். சண்டைக்காலம், 95 இடம்பெயர்வுக்குக் கொஞ்சம் முந்தி. கரண்ட் இல்லாத காலம் எண்டபடியால் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே வீட்டு விறாந்தையில் குந்தியிருந்து பார்த்தோம். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடும். அந்த இரைச்சலில் வசனம் ஒன்றும் கேட்காது. ரீவியை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார்கள். நீங்கள் சொன்ன அதே காட்சி. தொம்... தொம்... எண்டு அந்த நடைச் சத்தம் வந்ததும் குசினிக்குள் இருந்து அம்மம்மா ஓடி வந்து "பங்கருக்குள்ள போங்கோ, பங்கருக்குள்ள போங்கோ" எண்டு கத்தினார். யாரோ ஜெனரேற்றரை நிப்பாட்டிவிட்டார்கள். இருட்டு. படம்தான் எண்டு சொல்லியும் பெரியவர்கள் திரும்பப் போட விடவில்லை. அடுத்த நாள் காலை கசற்றைக் கொடுத்தாக வேண்டும், கொடுத்துவிட்டார்கள்.

காருக்குள் இருந்த அந்த அக்காவும் தம்பியும் தப்பினார்களா எண்டு கனடா வந்து பெரிய ஆளாகும் வரைக்கும் எனக்குத் தெரியாது. எத்தனை இரவு அவர்களை நானே தப்ப வைத்திருப்பேன்! ஒருநாள் மரத்தில் ஏற்றுவேன், ஒருநாள் கிணற்றுக்குள் இறக்குவேன். தியேட்டரில் பார்க்காதவருக்கு அது கிடைக்காது எண்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கிடைத்தது.

செம்மண்:
அரியலூர் மாவட்டம். வீட்டில் விசிடி வந்த பிறகுதான் பார்த்தேன். எல்லாரும் டம்ளர் காட்சியில் வருகிற அந்தப் பெரிய வேட்டை டைனோசரை, டி-ரெக்ஸைச் சொல்வார்கள், என்னைப் பிடித்தது படத்தின் தொடக்கப் பகுதி. அமெரிக்காவில் மொன்டானாவில் காய்ந்த நிலத்தில் உட்கார்ந்து தூரிகையால் மண்ணைத் தள்ளி எலும்பை வெளியே எடுப்பார்கள் இல்லையா? அந்த நிலம் எங்கள் ஊர் ஓடைப் பக்கம் மாதிரியே இருந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடங்களில் சுருள் சுருளாகக் கல்லான கடல் உயிரிகளை நாங்கள் பொறுக்கி விளையாடியிருக்கிறோம். அவை டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தவை, டி-ரெக்ஸும் அந்தக் காலம்தான் என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

இன்னும் ஆறாதது ஒன்று இருக்கிறது. இதே மாவட்டத்தில் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987இலேயே, அதாவது படம் வருவதற்கு முன்பே, யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் புருகத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த எலும்புகள் பாதுகாக்கப்படாமல் உதிர்ந்து போய்விட்டன. 2009இல் செந்துறைப் பக்கம் முட்டைகள் கிடைத்த செய்தி வந்தபோது நான் கல்லூரி முடித்துவிட்டேன். பத்து வயதில் தெரிந்திருந்தால் நான் வேறு படிப்புப் படித்திருப்பேன்.

நள்ளிரவு ரேடியோ:
என் கதை சின்னது. அக்காவோடு கேபிளில் பார்த்தேன், சமையலறைக் காட்சி. கதவின் வட்டக் கண்ணாடியில் ராப்டர் என்கிற வேட்டை டைனோசரின் மூச்சு படிகிறது, அப்புறம் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்குகிறது. எங்கள் வீட்டுச் சமையலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவ்வளவுதான்.

ஆனால் கூட்ஸ்வண்டி சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அந்த டம்ளருக்குப் பயந்தோம் என்றால் அதை யோசித்துச் செய்த ஆட்கள் இருக்கிறார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் கிட்டார் கம்பியைக் கட்டி மீட்டித்தான் அந்த வட்டங்களை வர வைத்தார்கள். டி-ரெக்ஸ் உறுமல் குட்டியானை, புலி, முதலை எல்லாம் சேர்ந்த கலவை, ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராம் செய்தது. இன்னொன்று, அந்தத் தாக்குதல் முழுக்கப் பின்னணி இசையே கிடையாது. ஜான் வில்லியம்ஸ் மாதிரி ஓர் இசையமைப்பாளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் மழையையும் காலடியையும் மட்டும் விட்டிருக்கிறார் இயக்குநர் ஸ்பீல்பெர்க். பின்வரிசைக்காரர் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் அதுதான் என்பேன். தியேட்டர் காரணமில்லை. கிணற்றடி வீட்டு விறாந்தையிலும் அதேதானே நடந்திருக்கிறது?

அப்புறம், அசையாமல் நின்றால் டி-ரெக்ஸுக்குக் கண் தெரியாது என்று இன்னும் நம்புகிறவர்கள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு நல்ல பார்வை, மோப்பமும் அதிகம். வெலாசிராப்டர் நிஜத்தில் வான்கோழி அளவுதான், இறகும் உண்டு. டைலோஃபோசாரஸ் நிஜமாக இருந்த டைனோசர், ஆனால் அது விஷம் துப்புவதும் கழுத்தில் விசிறி விரிப்பதும் முழுக்கக் கற்பனை. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் எனக்குப் படத்தின் மேல் பிரியம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

மூணாம்மாடி:
நான் முதலில் பார்த்தது மூன்றாம் பாகம், 2001. ஸ்பைனோசாரஸ் என்ற இன்னொரு டைனோசர் டி-ரெக்ஸின் கழுத்தை முறிக்கிற இடத்தில் அழுதுவிட்டேன். டி-ரெக்ஸ் யார் என்றே அதற்கு முன் தெரியாது, இருந்தும் அழுகை வந்தது.

அதனால்தான் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தயவுசெய்து முதல் பாகத்தில் இருந்து காட்டுங்கள். 2015இல் வந்த ஜுராசிக் வேர்ல்டில் இர்ஃபான் கான் இருக்கிறார், பூங்கா பளபளவென்று இருக்கிறது என்று அதைப் போட்டுவிடாதீர்கள். அங்கே கூட்டத்துக்கு டைனோசர் பழகிப்போயிருக்கும், பார்க்கிற குழந்தைக்கும் உடனே பழகிவிடும். முதல் படத்தில் அப்படி இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படத்தில் டைனோசர்கள் தெரிவது மொத்தமாகக் கால் மணி நேரம் போலத்தான். மீதி நேரமெல்லாம் காத்திருப்பது. குழந்தை "எப்போ வரும்" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள், ஓட்டியும் விடாதீர்கள். அமெரிக்காவிலேயே 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் யோசித்துக் காட்டட்டும் என்றுதான் சான்றிதழ் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளை என்றால் ஒரு நாள் நெடுங்கழுத்து பிராக்கியோசாரஸ் மரத்து இலையை மேய்கிற காட்சி வரை போட்டு நிறுத்துங்கள். அது நன்றாக ஊறட்டும். அடுத்த வாரம் மீதி. போன் திரையில் வேண்டாம். விளக்கை அணைத்துவிடுங்கள், ஆனால் பக்கத்திலேயே இருங்கள். படம் முடிந்த கையோடு இறகு, வான்கோழி என்று பாடம் எடுக்காதீர்கள். நள்ளிரவு ரேடியோ சொன்னது அத்தனையும் சரி, ஒரு வருடம் கழித்துச் சொல்லலாம்.

கிணற்றடி:
மூணாம்மாடி, பாதியில் நிப்பாட்டச் சொல்லாதீர்கள். தயவு செய்து. பயந்தால் மடியில் வைத்துக்கொண்டு மீதியையும் காட்டுங்கள். அந்தப் பிள்ளைகள் தப்பிவிட்டார்கள் எண்டு தெரிந்துகொண்டு படுக்கட்டும்.

மூணாம்மாடி:
நான் சொன்னது பிராக்கியோசாரஸ் வரைக்கும்தான், அங்கே யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் உங்கள் பக்கம் புரிகிறது. மழை தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன்.

கூட்ஸ்வண்டி:
கிணற்றடி எழுதியதைப் படித்த பிறகு தியேட்டர் பற்றி நான் சொன்னதில் எனக்கு வாதம் இல்லை. செம்மண், என் பெண்ணுக்கு இப்போது எட்டு வயது, டைனோசர் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கிறாள். அரியலூர் வந்தால் அவளுக்குக் காட்ட ஏதாவது இருக்கிறதா?

செம்மண்:
இருக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று வந்திருக்கிறது. நான் சொன்ன சுருள் உயிரிகளை, அம்மோனைட் என்பார்கள், அங்கே பார்க்கலாம். வெயில் குறைந்த மாதமாக வாருங்கள். ஓடைப் பக்கமும் கூட்டிப்போகிறேன். பார்க்கட்டும், தொடட்டும், ஆனால் எதையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கல்லமேட்டில் போனது போதும்.