ஓட்டப்பிடாரம் வ.உ.சி. வீட்டின் பழைய படம் யாரிடமாவது இருக்கிறதா?

அண்ணாச்சி, அக்கா எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். செப்டம்பர் 5 என்றாலே பிள்ளைகளுக்கு ஆசிரியர் தினம்தான், 1872-இல் அதே தேதியில் பிறந்த வ.உ.சி.யும் அவர்கள் மனதில் நிற்க வேண்டும் என்று ஒரு சின்னக் கண்காட்சி வைக்கப் போகிறோம்.

அவர் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது, இப்போதைய படங்கள் நிறையக் கிடைக்கும். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய படம். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியவர், 1908-இல் அவரைக் கைது செய்ததும் திருநெல்வேலியே கொந்தளித்தது, கோவைச் சிறையில் செக்கிழுத்தார், இதெல்லாம் பாடத்தில் இருக்கிறது. ஆனால் அவ்வளவு பெரிய மனுஷர் நம்ம ஊர்த் தெருவில் ஒரு எளிய வீட்டில்தான் பிறந்தார் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஓட்டப்பிடாரம், குறுக்குச்சாலைப் பக்கத்துச் சொந்தங்களே, வீட்டு ஆல்பத்தில் ஒரு ஓரமாக அந்த வீடு விழுந்திருந்தாலும் போதும், போனில் எடுத்து அனுப்புங்கள். திண்ணை, ஓடு, வாசல் எப்படி இருந்தது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருந்தால் நானே நேரில் வருகிறேன்.

அப்புறம், பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துப் போக முன்அனுமதி வேண்டுமா? பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையையும் சேர்த்து ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.